வயிற்றோட்ட எம்.சி.

என் மகளுக்குச் சளி பிடித்தால் எனக்கு வயிற்றோட்டம் வரும். நம்பாதவர்கள் கம்பெனி ஃபைலைத் திறந்து பார்க்கலாம். ஒரே வருஷத்தில் ஏழு எம்.சி., அதாவது டாக்டர் தரும் லீவுச் சீட்டு. ஏழிலும் கிளினிக் முத்திரை, டாக்டர் கையெழுத்து, காரணம் என்ற இடத்தில் ஒரே வியாதி. அதைப் படிக்கிற யாரும் இந்தப் பொம்பளை எப்படி இன்னும் உயிரோடு நடமாடுகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

உண்மையில் எனக்கு அந்த வியாதி ஒருநாளும் வந்ததில்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு எனக்கு. சளி பிடிப்பது என் மகள் துளசிக்கு. அவளுக்கு நாலு வயது. பிள்ளைக்குச் சளி என்றால் எங்கள் கம்பெனியில் லீவு கிடையாது. கொந்திராக் ஆள்களுக்கு, அதாவது ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு, வருஷத்தில் எட்டு நாள் லீவு இருக்கிறது, அதை ஒரு வாரத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். சளி என்ன, ஒரு வாரத்துக்கு முன்னால் கடிதம் போட்டுவிட்டா வருகிறது?

இந்த வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நவமணி அக்கா. ஈப்போவில் பேக்கட் சோறு கட்டும் ஒரு பெரிய சமையல்கூடம் எங்களுடையது. தினமும் இரண்டாயிரம் பேக்கட் லோரியில் ஏறி ஃபேக்டரிகளுக்கும் விடுதிகளுக்கும் போகும். அடுப்படியில் ஆண்கள். வெட்ட, கழுவ, கட்ட நாங்கள் பதினோரு பெண்கள், பதினோரு பேரும் பிள்ளைக்காரிகள். நான் சேர்ந்த இரண்டாவது மாதம், துளசிக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்த அன்று, வெங்காயம் உரித்துக்கொண்டே அக்கா சொன்னாள்.

“காய்ச்சல்னு சொல்லாத, மெஷின் வச்சுப் பார்த்துருவாங்க. இருமல்னா மாஸ்க் போட்டுக்கிட்டு வான்னுருவாங்க. முதுகு வலின்னா மாத்திரைய கொடுத்து அனுப்பிருவாங்க. வயித்தால போகுதுன்னு சொல்லு. எந்த டாக்டரும் எங்க காட்டுன்னு கேட்க மாட்டான்லா. அதோட சாப்பாட்டு வேலைக்காரிக்கு வயித்தாலன்னா கம்பெனியே பயந்துக்கிட்டு வராதன்னுரும்.”

அன்றைக்கு அவளைக் கும்பிடாத குறைதான்.

எங்கள் வீடு கோப்பேங் தாண்டி, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் கட்டிய தாமானில், வீடமைப்புக் குடியிருப்பில், இருக்கிறது. தோட்டத்தின் பெயரையே தாமானுக்கும் வைத்து விற்றார்கள். அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் ஈப்போ போக முப்பது நிமிஷம். காலை ஏழு மணிக்குத் துளசியைத் தாஸ்காவில், பிள்ளைகள் காப்பகத்தில், விட வேண்டும். தாஸ்கா நடத்தும் புஷ்பலதா வாசலிலேயே நிற்பாள், கையில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியோடு. முப்பத்தேழு புள்ளி ஐந்துக்கு மேல் போனால் பிள்ளையைத் திருப்பிவிடுவாள். அதனால் காய்ச்சல் நாளில் ஆறு மணிக்கே மருந்தைப் புகட்டிவிடுவேன். ஏழு மணிக்குப் பிள்ளையின் நெற்றி சில்லென்று இருக்கும். பத்து மணிக்கு மருந்தின் வேகம் இறங்கிவிடும், புஷ்பலதா போன் போட்டுக் கத்துவாள்.

“புனிதா, உன் புள்ள கொதிக்குது! என்ன விளையாடுறியா? மத்த புள்ளைங்க இருக்குலா!”

அந்த மூன்று மணி நேரத்தில் துளசி எத்தனை பிள்ளைகள் மேல் தும்மியிருப்பாள் என்று நான் நினைத்துப் பார்ப்பதில்லை. நினைத்தால் பைத்தியம் பிடித்துவிடும். எனக்கு முன்னால் வரிசையில் நிற்கிற அம்மாக்களின் கைப்பையிலும் அதே மருந்து பாட்டில்தான் இருந்தது, நான் பார்த்திருக்கிறேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். மனசுக்குள் ஒருத்தர் பிள்ளையை ஒருத்தர் திட்டிக்கொள்வோம்.

என் கணவர் ஜெயபாலன் ஜொகூருக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமை வருவார். பிள்ளைக்குச் சளி என்று போன் பண்ணினால் விசாரணை நடக்கும். தலைக்கு ஊற்றினாயா, ஃபேனைப் போட்டுப் படுக்க வைத்தாயா, ஐஸ் தண்ணீர் கொடுத்தாயா. போலீஸ்காரன்கூட இவ்வளவு கேட்க மாட்டான்.

“நீங்க ஒரு நாள் லீவு போடுங்களேன்,” என்று ஒரே ஒரு தடவை சொன்னேன்.

“லோட் இருக்குலா,” என்றார். அதோடு லைன் கட்டாகிவிட்டது. ஹைவேயில் லைன் கிடைக்காதாம். பிள்ளை பேச்சை எடுத்தால் மட்டும் எல்லா ஹைவேயிலும் லைன் போய்விடும்.

ஆபீஸில் இதற்கெல்லாம் மேலே சந்திரமதி மேடம் இருந்தார். எங்கள் மேனேஜர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய தாத்தா ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக இருந்து ஆள்களுக்குப் பேர் போட்டவராம். என் மாமனாரும் நவமணி அக்காவின் அப்பாவும் வேறு தோட்டங்களில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர்கள். காலையில் மேடம் எங்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதை அக்கா பெரட்டு என்பாள், விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் எண்ணுவார்களே, அந்தப் பெரட்டு. மேடத்துக்கு அவள் வைத்த பெயர் கிராணியம்மா. மேடத்துக்கு இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். எங்களைப் பார்க்கிற பார்வையே அப்படி இருக்கும்.

ஏழாவது எம்.சி.யைக் கொடுத்த அன்று அதை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“புனிதா, உமக்கு இது ஏழாவது. வயித்துக்கு என்னதான் செய்து கொள்ளுறீர்?”

“சாப்பாடு ஒத்துக்கல மேடம்.”

“எங்கட சாப்பாடா?”

“இல்ல மேடம், என் சமையல்.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் ஓர் ஆளை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. நிரந்தரமானால் பிள்ளைக்கும் சேர்த்து மருத்துவ அட்டை கிடைக்கும். அதைவிடப் பெரிசு, பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்லியே வருஷத்துக்கு ஆறு நாள் சம்பளத்தோடு லீவு எடுக்கலாம். வேலையில் வேகம் என்னுடையதுதான், பட்டியலில் என் பெயர்தான் முதலில் என்று மேடமே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். இன்னும் ஒரு மாதம் பொய் சொன்னால் போதும், அப்புறம் உண்மையைச் சொல்லியே லீவு எடுக்கலாம். அந்த ஒரு மாதத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த எம்.சி. திங்கட்கிழமைக்கு எடுத்தது. செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தேன். புதன்கிழமை மத்தியானம் ஒரு பெண்கள் விடுதிக்கு மசாலாக் கோழியும் சோறும் கட்டி அனுப்பினோம். கோழித் துண்டுகளைப் பேக்கட்டில் வைத்தது என் கை. வியாழக்கிழமை காலையில் அந்த விடுதியில் நாற்பது பிள்ளைகள் வாந்தியும் வயிற்றோட்டமுமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

பதினோரு மணிக்கு சுகாதார இலாகாவிலிருந்து ஆள்கள் வந்துவிட்டார்கள். தலைமை அதிகாரி ஒரு மலாய்க்கார அம்மா, பெரிய கண்ணாடி போட்டவர். பாத்திரத்தைத் துடைத்தார்கள், தண்ணீரைப் பிடித்தார்கள், வெட்டுகிற பலகையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்தார்கள். அப்புறம் அந்த அம்மா, எங்களை வைத்துக்கொண்டே, சமையல்கூடத்து ஆள்களின் எம்.சி. ஃபைலைக் கேட்டார்.

முதல் தாளே என்னுடையது. திங்கட்கிழமை, மலாயில் சிரிட் பிரிட், அதாவது எங்கள் தமிழில் வயிற்றால் போவது. அவர் தலையைத் தூக்கி, “யார் இந்தப் புனிதா?” என்று மலாயில் கேட்டார். கையைத் தூக்கினேன். இரண்டாவது தாள் நவமணி அக்காவுடையது. அதுக்கு முந்தின சனிக்கிழமை, அதே வியாதி. மூன்றாவது தாள், நான்காவது தாள். அவர் புரட்டப் புரட்டப் புருவம் ஏறிக்கொண்டே போனது. பதினோரு பெண்கள், ஒரு வருஷம், ஐம்பத்திரண்டு எம்.சி., எல்லாம் ஒரே வியாதி. ஃபைலை மூடிவிட்டு எங்கள் பதினோரு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“இந்தக் கிச்சன் எப்படி இத்தனை நாள் திறந்திருந்தது?” என்று மேடத்தைக் கேட்டார்.

மேடத்தின் முகம் கறுத்துவிட்டது. எனக்குப் பயத்திலும் சிரிப்பு வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. ஆளுக்கு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, மறுநாள் காலையில் அதில் கொண்டு வரச் சொன்னார்கள். ஒரு வருஷமாக யாரும் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டார்கள். சமையல்கூடத்தை இரண்டு வாரம் மூடச் சொல்லிக் கதவில் காகிதமும் ஒட்டிவிட்டார்கள். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை டப்பாவைக் கொடுக்கப் போனபோது மேடம் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் தட்டச்சு அடித்துத் தயாராக இருந்தது. வயிற்றோட்டம் முழுசாக நிற்பதற்கு முன்பே நான் வேலைக்கு வந்தேன், அதை மேலதிகாரியிடம் சொல்லவில்லை, நடந்ததற்கு நானே பொறுப்பு. என் பெயர், என் அடையாள அட்டை எண், கையெழுத்துப் போட ஒரு கோடு.

“ரிசல்ட் வரும் வரைக்கும் விடுதிக்காரர் காத்திருக்க மாட்டினம். அவையளுக்கு ஒரு பெயர் வேணும்,” என்றார் மேடம். “இதில் கையெழுத்து வையும். சம்பளமில்லாமல் இரண்டு வாரம் இரும். நிரந்தரம் கிடைக்காது. ஆனால் வேலை இருக்கும்.”

“நான் செய்யல மேடம்.”

“அப்ப அந்த எம்.சி. பொய்யா?”

கடிதத்தில் என் பெயருக்குக் கீழே இருந்த கோட்டைப் பார்த்தேன்.

“பொய் எம்.சி. என்றால் அன்றைக்கே வீட்டுக்குப் போகவேணும். இது ரெண்டில ஒண்டு. திங்கட்கிழமை அந்த அம்மா வாக்குமூலம் எடுக்க வாறா. அதுக்குள்ள யோசியும். நான் சொல்லுறது விளங்குதா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மேடம், உங்க புள்ளைக்குச் சளி பிடிச்சா யாரு பார்த்துப்பா?” என்று கேட்டுவிட்டேன்.

“வீட்டில கக்கா இருக்கிறா,” என்றார், மிகச் சாதாரணமாக. கக்கா என்றால் இந்தோனேசியாவிலிருந்து வந்த வேலைக்காரம்மா. கேட்ட கேள்வியில் என்ன இருந்தது என்றுகூட அவருக்குப் புரியவில்லை. அவர் மேல் எனக்கு அதுவரை வெறுப்புதான் இருந்தது. அன்றைக்கு அது கலப்பில்லாத வெறுப்பாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் பேஸ்புக்கில் அந்த விடுதிப் பிள்ளைகளின் படம். கையில் ஊசியோடு, குழாயோடு படுத்திருக்கிறார்கள். கீழே தாய்மார் எழுதியிருந்தார்கள். என் பிள்ளைக்கு இதைக் கட்டிக் கொடுத்த கை அழுகிப் போகட்டும் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. நானாக இருந்தால் இன்னும் மோசமாக எழுதியிருப்பேன். வேலைக்காக ஒரு பொய் சொன்னேன், சரி. ஏழு தடவை சொன்னேன், அதுவும் சரி. ஆனால் நாற்பது பேர் பெற்ற பிள்ளைகளை நான்தான் படுக்க வைத்தேன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்க முடியாது. துளசியைத் தூக்குகிற கை அது.

என் கணவர் சனிக்கிழமை வந்தார். கேட்டுவிட்டு, “கையெழுத்தப் போட்டுட்டு வேலையக் காப்பாத்துலா, யாரு ஞாபகம் வச்சுக்கப் போறா,” என்றார். அப்புறம் தூங்கிவிட்டார். ஆறு நாள் வண்டி ஓட்டியவர், தூங்கட்டும். எழுப்பிச் சண்டை போட எனக்கும் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனும் கையுமாக இருந்தேன். பத்துப் பேருக்கும் போன் பண்ணினேன். எல்லாரும் சேர்ந்து உண்மையைச் சொல்லிவிடுவோம், பதினோரு பேரையும் ஒரே நாளில் அனுப்ப முடியாது, அனுப்பினால் சோறு யார் கட்டுவது என்று கெஞ்சினேன். பாதிப் பேர் ம்ம் என்றார்கள். நவமணி அக்கா ஒத்துக்கொண்டால் மற்றவர்கள் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள் தினேஸ்வரிக்கு ஒன்பது வயது, இழுப்பு நோய். சளி பிடித்தால் நெஞ்சுக்கு இறங்கிவிடும், ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் கேஸ் வைக்கக் கொண்டு போக வேண்டும். அந்த ஐம்பத்திரண்டில் பத்து அக்காவுடையது.

“சரிலா, சொல்லுவோம்,” என்றாள் அக்கா. “நீ மொதல்ல ஆரம்பி. நான் பின்னாலயே சொல்றேன்.”

“சத்தியமா அக்கா?”

“அடியே, நான் சொல்லிக் கொடுத்தது தானே. உன்னை விட்டுருவேனா?”

திங்கட்கிழமை காலை துளசிக்கு முப்பத்தெட்டு புள்ளி ஆறு. அவளுக்கு நாள் பார்க்கத் தெரியும் போல. அவர் ஐந்து மணிக்கே ஜொகூருக்குக் கிளம்பிவிட்டார். மருந்து கொடுத்து ஏமாற்றலாம் என்று தாஸ்காவுக்குப் போனால், வாசலிலேயே மூன்று தடவை வரிசையாகத் தும்மினாள். புஷ்பலதா துப்பாக்கியைத் தூக்கவே இல்லை, கையை மட்டும் ஆட்டினாள். நெற்றியில் காய்ச்சல் தணிக்கும் குளிர்பட்டையை ஒட்டி, மூக்குச்சளி என் முதுகில் படியப் படிய, துளசியை மோட்டாரில் கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன்.

மீட்டிங் அறையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் துளசியைப் பார்த்ததும், “பிள்ளையை ஏன் இங்க கொண்டு வந்தீர்?” என்றார்.

“வேற எங்க மேடம் விட?”

அந்த மலாய்க்கார அம்மா முதலில் என் பெயரைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை வயிற்றோட்டம் எப்போது ஆரம்பித்தது, எத்தனை தடவை, இரத்தம் இருந்ததா என்று கேட்டார். மேடம் அந்தக் கடிதத்தை என் முன்னால் நகர்த்தி வைத்தார், பேனாவையும்.

“எனக்கு ஒண்ணும் போகல புவான்,” என்று மலாயில் சொன்னேன், புவான் என்றால் அம்மா. “அன்னிக்கு மட்டும் இல்ல, ஏழு தடவையும் போகல. இந்தப் புள்ளைக்குச் சளி. அதுக்கு லீவு இல்ல. அதனால எனக்கு வயித்தாலன்னு டாக்டர்கிட்டப் பொய் சொன்னேன்.”

அவர் துளசியைப் பார்த்தார். துளசி நல்ல நேரம் பார்த்து இருமினாள். “நிச்சயமா?” என்று கேட்டார். நிச்சயம் என்றேன். என் பெயருக்கு மேல் ஒரு கோடு போட்டுவிட்டு எழுதிக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது.

மேடம் ஒரு வினாடியும் வீணாக்கவில்லை. கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முதலில் மலாயிலும் பிறகு தமிழிலும் சொன்னார். “பொய் எம்.சி. எடுத்தவைக்கு இண்டையோட வேலை இல்லை. புனிதாவுக்கு இல்லை. மற்ற ஆக்கள் இதை நல்லா விளங்கிக்கொண்டு பதில் சொல்லுங்கோ.”

நான் நவமணி அக்காவைப் பார்த்தேன். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரியம்மா, “நவமணி, சனிக்கிழமை?” என்றார்.

“எனக்கு நெசமாவே போச்சு புவான்,” என்றாள் அக்கா. “எட்டுத் தடவ.”

அதற்குப் பிறகு யாருக்கும் யோசனையே தேவைப்படவில்லை. ஒருத்தி ஆறு தடவை என்றாள், ஒருத்தி பத்து என்றாள், ஒருத்தி போன மார்ச் மாதம் போனது இன்னும் முழுசாக நிற்கவில்லை என்றுகூடச் சொன்னாள். பத்துப் பெண்கள் ஓர் அதிகாரி முன்னால் தங்களுக்கு வயிற்றால் போனது என்று சத்தியம் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். வாயைத் திறந்து, எல்லாரும் பொய் சொல்றாங்க என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் பத்துப் பேருக்கும் என் கதிதான். சொல்லாமல் விட்டது நல்ல மனசால் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

என் பெயர் போனதால் எம்.சி. ஃபைலில் பழி போட அடுத்த பெயர் நவமணி அக்காவுடையதாகிவிட்டது. மேடம் அதே கடிதத்தில் என் பெயரை வெட்டிவிட்டு அவள் பெயரை எழுதினார். புதிதாக அடிக்கக்கூட இல்லை. அக்கா படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே மோட்டார் நிறுத்தும் இடத்தில் அவளைப் பிடித்தேன்.

“நேத்து என்ன சொன்னீங்க அக்கா?”

“நீ பைத்தியம்னா நானும் பைத்தியமா?” என்று என் மேலேயே பாய்ந்தாள். “உனக்குப் புருஷன் சம்பளம் வருது. நீ நல்லவளாட்டம் நின்னுக்கிட்டு உண்மையச் சொல்லுவ. என் புள்ளைக்கு மருந்து யாரு வாங்குவா? நீ வாங்குவியா?”

“நாப்பது புள்ளைங்க அக்கா. நீங்கதான் படுக்க வச்சீங்கன்னு எழுதிக் கொடுத்துருக்கீங்க.”

“யாரால என் பேரு வந்துச்சு? நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா உன் பேரோட போயிருக்கும்லா!”

 அவள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு எரிந்தது. துளசி அவளைப் பார்த்துக் கையை ஆட்டி, “பை பெரியம்மா,” என்றாள். நான் துளசியின் கையைத் தட்டிவிட்டேன். பிள்ளை அழுதது.

ஒரு வாரத்தில் ரிசல்ட் வந்தது. பதினோரு டப்பாவும் சுத்தம். பலகை சுத்தம், தண்ணீர் சுத்தம். மத்தியானம் போன கோழியை விடுதிக்காரர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கென்று வெயில் அடிக்கிற கூடத்தில் எட்டு மணி வரை வைத்திருக்கிறார்கள். கெட்டுப்போன கோழி. யாருடைய வயிறும் காரணமில்லை.

நவமணி அக்காவின் கடிதத்தை மேடம் கிழித்துப் போட்டுவிட்டாராம். கம்பெனிக்காகப் பழியைச் சுமந்தவள் என்று நிரந்தர வேலையை அவளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். எனக்கு வந்தது இரண்டு வரிக் கடிதம். பொய்யான மருத்துவ விடுப்பு, உடனடி நீக்கம். அந்த அறையில் உண்மை பேசிய ஒரே ஆள் நான். பொய் சொன்னேன் என்று வெளியே அனுப்பினார்கள். படித்துவிட்டு முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். கணவர் போனில், “நான்தான் அப்பவே சொன்னேன்லா,” என்றார். லைனை இந்த முறை நான் கட் பண்ணினேன்.

வேலை போன பிறகு இரண்டு மாதமாகத் துளசிக்கு ஒரு தும்மல்கூட இல்லை. நாள் முழுக்க வீட்டில் இருக்கிறேன், எந்நேரமும் பார்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன், மூக்கு வறண்டு கிடக்கிறது. என்னைப் பழிவாங்கவே பிறந்தவள்.

நேற்றுக் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. நவமணி அக்கா. எடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

“புனிதா, வச்சுறாத,” என்றாள். குரல் தேய்ந்திருந்தது. பின்னால் தினேஸ்வரி இருமுவது கேட்டது, நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற அந்த இருமல். “ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில கேஸ் வச்சுட்டு இப்பதான் வந்தோம். ஸ்கூலுக்கு அனுப்ப முடியாது. தனியா விட்டுட்டுப் போக பயமா இருக்கு.”

“வயித்தாலன்னு சொல்லிட்டு வீட்டுல இருங்க,” என்றேன்.

“இனிமே அது முடியாதுலா. வயித்தாலன்னா டப்பாவுல கொடுத்து, ரிசல்ட் வர்ற வரைக்கும் சம்பளம் இல்லன்னு ரூல் போட்டுட்டா கிராணியம்மா.”

“நீங்கதான் நிரந்தரம் ஆச்சே. புள்ளைக்குன்னே லீவு இருக்குல்ல.”

“ஆறு நாள்தான் புனிதா. நிரந்தரம் ஆன மொத மாசத்துலயே ஆறும் முடிஞ்சிருச்சு.”

 எவ்வளவோ சொல்ல இருந்தது. என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய், என் பிள்ளையின் மருத்துவ அட்டை உன் பிள்ளை பையில் இருக்கிறது, எந்த முகத்தோடு எனக்குப் போன் பண்ணுகிறாய் என்று கேட்க வேண்டியதெல்லாம் வரிசையாக வந்தது. அந்தப் பிள்ளை மறுபடி இருமியது. இருமி முடிக்க மூச்சுப் போதாமல் பாதியில் நின்றது.

“நீ வீட்டுலதானே இருக்க,” என்றாள் அக்கா.

அந்த வார்த்தைக்கு அவளைக் கன்னத்தில் அறைந்திருப்பேன், எதிரில் நின்றிருந்தால்.

“ஏழு மணிக்கு கேட்டைத் தொறந்து வைக்கிறேன்,” என்றேன். “புள்ளைய இறக்கி விட்டுட்டுப் போயிருங்க. நீங்க மட்டும் உள்ள கால வைக்காதீங்க.”